மான் கறி கைக்கு வந்தால்: விஸ்கான்சினுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சில அறிவுரைகள்

விஸ்கான்சினில் துப்பாக்கி வேட்டைக் காலம் ஒன்பது நாள். நவம்பரில், நன்றி நவிலும் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கும். அது முடிந்த கையோடு, ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரரோ எதிர்வீட்டுக்காரரோ வெள்ளைத் தாளில் சுற்றிய, கல்லாக உறைந்த பொட்டலம் ஒன்றை உங்களிடம் நீட்டுவார். உள்ளே மான் கறி. இந்த ஊரில் அது பெரிய மரியாதை. விற்கச் சட்டம் இடம் தராததால், வேண்டியவர்களுக்குக் கொடுத்து மகிழ்கிறார்கள்.

வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் நம் அடுப்படியில் ஒரு நம்பிக்கை உண்டு. மஞ்சள் போட்டு அலசி, இஞ்சி பூண்டு அரைத்துப் போட்டு, குக்கரில் ஆறு விசில் விட்டுவிட்டால் எந்தக் கறியும் பத்திரம் என்பது. அதில் முக்கால்வாசி உண்மைதான். மிச்சக் கால்வாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. நன்றி சொன்ன பிறகு நாலு கேள்வி கேளுங்கள். எந்த மாவட்டத்தில் அடித்தது, நோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தாயிற்றா, துப்பாக்கியா வில்லா, விழுந்த மானை எத்தனை நேரத்தில் குடல் எடுத்துக் குளிர வைத்தார்கள். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்று கூச்சப்பட வேண்டாம். பழகின வேட்டைக்காரருக்கு இந்தக் கேள்விகள் பிடிக்கும். அரை மணி நேரம் கதை சொல்வார். கடைசிக் கேள்வி செப்டம்பர், அக்டோபர் வில் வேட்டைக்கு ரொம்ப முக்கியம். அப்போது பகலில் வெயில் அடிக்கும். குடலோடு கிடந்த உடம்பு உள்ளிருந்தே கெட ஆரம்பித்துவிடும். 4 டிகிரி செல்சியசுக்குக் கீழே சீக்கிரம் இறக்கிய கறிதான் நல்ல கறி. குண்டு வயிற்றில் பாய்ந்து, குடல் கிழிந்து, சாணம் சதையில் பட்டிருந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்திருக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினேன் என்றால் போதாது.

2. பரிசோதனை முடிவு வராத கறியைச் சமைக்காதீர்கள். இங்கே எல்லோரும் சி.டபிள்யூ.டி. என்று சுருக்கிச் சொல்லும் நோய் ஒன்று மான்களுக்கு வருகிறது. மான் நாளுக்கு நாள் மெலிந்து, எச்சில் ஒழுக, தடுமாறிச் சாகும். கொலராடோவில் ஆராய்ச்சிக்காக அடைத்து வைத்திருந்த மான்களிடம் 1967-இல் முதலில் கண்டார்கள். விஸ்கான்சினில் 2002-இல் மேடிசனுக்கு மேற்கே மவுண்ட் ஹோரெப் பக்கம் வெளிப்பட்டது. மாநிலத்தின் தெற்குப் பகுதியில் இன்று அது அபூர்வமான நோய் இல்லை.

இந்த நோய்க்குக் காரணம் பாக்டீரியாவும் இல்லை, வைரசும் இல்லை. ப்ரையான் என்ற, மடிப்பு பிசகிய ஒரு புரதம். உயிரே இல்லாத ஒன்றைக் கொதிக்கவைத்துக் கொல்ல முடியாது. குக்கர், ஃப்ரீசர், புகை, உப்பு எதுவும் அதன் முன் செல்லாது. மனிதர் யாருக்கும் மானிடமிருந்து இது வந்ததாக இதுவரை உறுதியாகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த மாட்டு நோய் மனிதருக்குத் தாவியிருக்கிறது என்று பிரிட்டன் 1996-இல் அறிவித்தது. அதனால்தான் நோய் உறுதியான மானின் கறியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. நோய் தொற்றிய மான் வெளிப்பார்வைக்குக் கொழுகொழுவென்று ஓடியாடிக்கொண்டு பல மாதங்கள் இருக்கும். “நல்லா இருந்த மான்தான்” என்ற பேச்சுக்கு இங்கே மதிப்பில்லை.

பரிசோதனை வேட்டைக்காரருக்கு இலவசம். தலையை மாநில இயற்கை வளத் துறை வைத்திருக்கும் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், தொண்டைக்குப் பின்னாலிருக்கும் நிணநீர் முடிச்சை எடுத்துப் பார்த்து இரண்டு வாரம் போல் ஆனதும் முடிவு சொல்வார்கள். அதுவரை பொட்டலம் ஃப்ரீசரில் தூங்கட்டும். “நோய் தென்படவில்லை” என்று வந்தால் தாராளமாகச் சமையுங்கள்.

3. மூளை வறுவல், சுவரொட்டி, தலைக்கறி: மூன்றும் மானில் வேண்டாம். ஆட்டுக்கடையில் சொல்லிவைத்து வாங்குகிற ஆசாமிகள் நம்மில் நிறையப் பேர். ரத்தம் ஊறும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுவரொட்டி சுட்டுக் கொடுப்பது நம் வழக்கம். ஆனால் மானின் மூளை, தண்டுவடம், கண், சுவரொட்டி என்கிற மண்ணீரல், நிணநீர் முடிச்சுகள் ஆகியவற்றில்தான் அந்தப் புரதம் அதிகம் சேரும். நாம் ஆசைப்பட்டுத் தின்னும் பாகங்களும் இங்கே ஒதுக்கச் சொல்லும் பாகங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. கழுத்தெலும்பும் முதுகெலும்பும் போட்டுச் சூப்பு வைப்பதும் வேண்டாம். எலும்பு நீக்கிய சதையாக வாங்குங்கள். ஈரல் பற்றி மாநிலத்துக்கு மாநிலம் எச்சரிக்கை உண்டு. காட்மியம் என்ற உலோகம் ஈரலிலும் சிறுநீரகத்திலும் தங்குவதால் மெய்ன் மாநிலத்தில் இரண்டையும் சாப்பிடாதீர்கள் என்றே சொல்கிறார்கள். ஆசைக்கு ஆட்டு ஈரல் இருக்கிறது.

4. ஈயத்தை மறக்காதீர்கள். மசாலாவுக்கு மசியாத இரண்டாவது சங்கதி இது. சாதாரண வேட்டைக் குண்டின் உள்ளே ஈயம். எலும்பில் மோதியதும் அது கண்ணுக்குத் தெரியாத தூளாகச் சிதறும். குண்டு துளைத்த இடத்திலிருந்து ஓர் அடி தள்ளிக்கூட அந்தத் தூள் கிடைத்திருக்கிறது. 2008-இல் வட டகோட்டாவில் ஏழைகளுக்கென்று உணவு வங்கிகளுக்குத் தானமாக வந்த மான் கொத்துக்கறியைப் படம் எடுத்துப் பார்த்து, ஈயம் இருப்பது தெரிந்ததும் கொட்டிவிடச் சொன்னார்கள். துண்டுக் கறியைவிடக் கொத்துக்கறியில்தான் ஆபத்து கூடுதல். ஓரத்துச் சதை, காயத்தைச் சுற்றிய சதை எல்லாம் சேர்ந்துதான் அரைபடுகிறது.

இதில் நம் சமையலுக்கென்றே ஒரு சிக்கல். புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். புளி, தக்காளி, தயிர், வினிகர் எதில் ஊறினாலும் உடம்பு இழுத்துக்கொள்ளும் ஈயம் கூடும். ஆகவே குண்டு பட்ட பக்கத்துச் சப்பையைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும், செப்புக் குண்டு அல்லது அம்பால் வீழ்த்திய மானின் கறி மட்டும் கொடுங்கள். குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு ஈயம் கேடு. இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் கிடையாது.

5. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். வெட்டிக் கொடுக்கும் கடைகளில் மான் கொத்துக்கறியோடு மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்ப்பது வழக்கம். மான் சதைக்குள் கொழுப்பு குறைவு என்பதால் உதிர்ந்துபோகும் என்று. சாசேஜ் என்றால் சேர்த்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடு ஒதுக்குகிற வீடும் பன்றி விலக்குகிற வீடும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். சில கடைகளில் பல பேர் கொண்டுவந்த மான்களை ஒன்றாகக் கொட்டி அரைப்பார்கள். அப்படியானால் உங்கள் நண்பரின் மானுக்கு வந்த பரிசோதனை முடிவு உங்கள் பொட்டலத்துக்குப் பொருந்தாது.

6. உறைந்த கறியை மேடையில் வைத்து இளக்காதீர்கள். ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் ஒரு தட்டு வைத்து அதன் மேல் பொட்டலம். இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் பிடிக்கும். பிறகு அந்த மஞ்சள் தண்ணீர் அலசல். நான் சொன்னால் கோபம் வரும், இருந்தாலும் சொல்கிறேன்: வேண்டாம். குழாயடியில் கறியை அலசும்போது தெறிக்கிற தண்ணீர் பக்கத்திலிருக்கும் கொத்துமல்லிக் கட்டில் விழுகிறது. கறியில் இருக்கும் கிருமி அடுப்பில் சாகும். கொத்துமல்லியில் விழுந்தது நேரே வாய்க்குப் போகும். மயிர் ஒட்டியிருந்தால் ஈரத் தாளால் ஒற்றி எடுங்கள், போதும். மஞ்சளை மசாலாவில் போட்டுக்கொள்ளலாம்.

7. கொழுப்பையும் சவ்வையும் எடுங்கள். ஆட்டுக்கறியில் கொழுப்புத் துண்டுக்காகச் சண்டை போடுகிறவர்கள் நாம். மான் கொழுப்பு அப்படி இல்லை. மெழுகு போல இறுகி அண்ணத்தில் ஒட்டும். கவுச்சி வாடை என்று எல்லோரும் குறை சொல்வதில் பெரும்பங்கு அந்தக் கொழுப்பிலிருந்து வருவதுதான். சதையின் மேல் வெள்ளி மாதிரி மினுங்கும் சவ்வு எத்தனை விசிலுக்கும் ரப்பராகவே நிற்கும். மெல்லிய கத்தியின் முனையைச் சவ்வுக்கு அடியில் நுழைத்து, கத்தியின் வாயைச் சவ்வுப் பக்கமாகச் சற்றே சாய்த்து, மறுகையால் சவ்வை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பட்டையாக உரிந்து வரும். கறி பாதி உறைந்த நிலையில் செய்தால் எளிது. இந்த வேலைக்கு அவசரம் ஆகாது.

8. எந்தப் பாகம் என்று பார்த்து அடுப்பை வையுங்கள். மட்டன் நினைப்பில் எல்லாவற்றையும் குக்கரில் போடுவதுதான் மான் கறிக்கு நம்மவர்கள் செய்கிற அநியாயம். முதுகெலும்பை ஒட்டி நீளமாக ஓடும் சதையை இங்கே பேக்ஸ்ட்ராப் என்பார்கள். அது பஞ்சு. குக்கரில் போட்டால் காய்ந்த நாராகிவிடும். நார் ஓட்டத்துக்குக் குறுக்கே விரல் கனத்துக்கு வெட்டி, உப்பும் புதிதாக இடித்த மிளகும் தடவி, இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் காய்ந்ததும் போட்டு இரண்டு பக்கமும் மூன்று நான்கு நிமிடம். தனியாக வதக்கிய சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் மேலே தூவினால் ஆயிற்று. சோம்பு, பட்டை எல்லாம் கொட்டி அந்த ருசியை மூடிவிட்டால் அப்புறம் மான் எதற்கு, ஆடே போதுமே.

முன்சப்பை, கால் சதை இவற்றுக்கு நேர் எதிர் வழி. ஓடியாடிய தசை, நிறைய இணைப்புத் திசு. அது நீர்ச் சூட்டில் நிதானமாகக் கரைந்தால்தான் கறி மெத்தென்று ஆகும். குக்கரில் நாலைந்து விசிலுக்குப் பிறகு சிறு தீயில் இருபது நிமிடம். அப்புறம் திறந்து, வாணலியில் தேங்காய் எண்ணெய் ஊற்றி மிளகுச் சுக்காவாகப் பிரட்டுங்கள். கொழுப்பில்லாத கறிக்கு எண்ணெய் ஒரு கரண்டி கூடுதலாகத்தான் வேண்டும். பப்பாளிக்காய் விழுது தடவினால் அரை மணிக்கு மேல் விடாதீர்கள், மேற்புறம் கூழாகிவிடும்.

9. இருபது டாலருக்குக் கீழே ஒரு கறி வெப்பமானி கிடைக்கும், வாங்குங்கள். மான் கறி இயல்பிலேயே கருஞ்சிவப்பு. நிறத்தைப் பார்த்து வெந்ததா என்று சொல்ல முடியாது. கொத்துக்கறி என்றால் 71 டிகிரி செல்சியஸ் கட்டாயம். முழுத் துண்டுக்கு 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்பது விதி. காட்டு மானுக்குப் புதியவர்கள் அதிலும் 71 வரை போவதே எனக்குச் சம்மதம். ஈ.கோலை, டாக்ஸோபிளாஸ்மா போன்ற கிருமிகள் அந்தச் சூட்டில் ஒழியும். உள்ளே ரத்தச் சிவப்பாக உண்ணும் இந்த ஊர்ப் பழக்கத்தை மான் கறியிலா கற்றுக்கொள்ள வேண்டும்?

10. சத்து விஷயத்தில் மிகை வேண்டாம். வேகவைத்த மான் கறி 100 கிராமில் ஏறக்குறைய 158 கலோரி, 30 கிராம் புரதம், 3 கிராம் கொழுப்பு, 4.5 மில்லிகிராம் இரும்பு. பி12 வைட்டமின் நிறைய. வயசுப் பெண்ணுக்கு இங்கே பரிந்துரைக்கும் அன்றாட இரும்பு 18 மில்லிகிராம். அதில் கால் பங்கு 100 கிராமிலேயே வந்துவிடுகிறது. ரத்தசோகைக்காரர்களுக்கு நல்லது. செம்மறிக் கறியையும் மாட்டுக் கறியையும் விட்டு இதற்கு மாறினால் கொழுப்பு வெகுவாகக் குறையும். ஆனால் வெள்ளாட்டுக் கறியே சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பெரிய லாபம் கிடையாது. கொழுப்பு அங்கேயும் அவ்வளவுதான். கொலஸ்ட்ரால் மானில் 112 மில்லிகிராம், வெள்ளாட்டில் 75. கொழுப்பில்லை என்பதற்காகக் கொலஸ்ட்ராலும் இல்லை என்று மாமனாருக்குத் தினமும் பரிமாறிவிடாதீர்கள். யூரிக் அமிலத்தால் கால் கட்டைவிரல் வீங்குகிறவர்கள் மற்றச் சிவப்புக் கறியைப் போலவே இதையும் அளவோடுதான் தொட வேண்டும்.

11. உப்புக்கண்டம் போடும் ஆசை வரும். இங்கத்தியார் ஜெர்க்கி என்பது அதன் தம்பிதான். ஆனால் நவம்பர் விஸ்கான்சினில் நம் சித்திரை வெயில் எங்கே? உலர்த்தும் மெஷினின் இளஞ்சூடு கிருமியைக் கொல்லாமல் காயவைத்துவிடும். 1995-இல் ஓரிகானில் வீட்டில் போட்ட மான் ஜெர்க்கியாலேயே ஈ.கோலை பரவியது. கீற்றுகளை முதலில் 71 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு அப்புறம் உலர்த்துங்கள். பதம் கொஞ்சம் மாறும், போகட்டும்.

12. ஊருக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு துண்டுகூட. இந்தியாவில் மான் வேட்டையும் மான் கறி வைத்திருப்பதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இலங்கையிலும் சட்டம் தடுக்கிறது. இது விஸ்கான்சின் மான் என்று நீங்கள் விமான நிலையத்தில் நின்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

13. மிஞ்சிய எலும்பையும் சவ்வையும் கொல்லைப்புறத்தில் புதைக்காதீர்கள், தக்காளிச் செடிக்கு உரமாகப் போடாதீர்கள். ப்ரையான் புரதம் மண்ணில் பல ஆண்டுகள் அழியாமல் கிடக்கும். உங்கள் தோட்டத்துக்கு மேய வருகிற மான் அந்த மண்ணிலிருந்தே நோயை எடுத்துக்கொள்ளும். இரட்டைப் பையில் கட்டி, நகராட்சிக் குப்பை வண்டி வருகிற அன்று காலையில் வெளியே வையுங்கள்.