பழைய ஜீப்பின் பின் கிரவுன் நெடுநாள் உழைக்க

நீலகிரி, வால்பாறை, கொடைக்கானல் பக்கம் பழைய மகிந்திரா ஜீப்புகளும், 1985-இல் சந்தைக்கு வந்த மாருதி ஜிப்ஸியும் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. சாதாரணச் சாலையில் ஃபோர் வீல் போடாமல் ஓட்டும்போது முழு இழுவையையும் தாங்குவது பின் டிஃபரன்ஷியல், அதாவது மெக்கானிக்குகள் சொல்லும் ‘கிரவுன்’. எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட இதைத் திறந்து பார்ப்பதில்லை. நல்ல ஆயிலில் ஓடும் கிரவுன் 3 லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் உழைக்கும். ஆயில் குறைவது, தண்ணீர் புகுவது, பொருந்தாத ஆயில் ஊற்றுவது ஆகியவைதான் பெரும்பாலும் அதன் ஆயுளைக் குறைக்கின்றன.

1. ஆயில் மாற்றுவதற்குக் கம்பெனிக் கையேட்டில் சொன்ன கணக்கே முதல் கணக்கு. கையேடு கைவசம் இல்லையென்றால் 40,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு ஆண்டு, எது முந்துகிறதோ அதில் மாற்றுங்கள். பழைய ஜீப்பில் மீட்டர் ஓடாமல் கிடப்பது சகஜம் என்பதால் காலண்டரை நம்புவது நல்லது. செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியா? விற்றவர் என்ன சொல்லியிருந்தாலும் வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள்.

2. ஆயில் வாங்கும்போது டின்னில் ‘ஜிஎல் 5’ என்று இருக்கிறதா பாருங்கள். கடையில் ‘90 ஆயில்’ என்று மட்டும் கேட்டால் பல நேரம் ஜிஎல் 4 தரத்தில்தான் கிடைக்கும். இந்த வண்டிகளில் கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன், அந்த வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால் பற்கள் உருள்வதோடு ஒன்றன்மேல் ஒன்று உரசி வழுக்கியும் போகின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். ஜிஎல் 5-இல் கூடுதலாகச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் கூட்டுப்பொருள்தான் பல்லைக் காக்கிறது. பெரும்பாலான வண்டிகளுக்கு 80டபிள்யூ-90 போதும். மிச்சமான ஜிஎல் 5 ஆயிலைக் கியர் பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். அங்கே ஜிஎல் 4 கேட்கும் வண்டிகளில் பித்தளை சின்க்ரோ வளையங்களை அது அரிக்கக்கூடும்.

3. கீழே வடிக்கும் பிளக்கைத் தொடுவதற்கு முன் மேலே ஊற்றும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பல வருஷம் திறக்காத பிளக் துருப்பிடித்து இறுகியிருக்கும். ஆயிலை வடித்துவிட்ட பிறகு மேல் பிளக் கழல மறுத்தால், ஆயில் இல்லாத வண்டியை நகர்த்தவும் முடியாது.

4. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் சூடாக இருக்கும்போது வடியுங்கள். அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வரும். கிரவுனை மூடியிருக்கும் ஹவுசிங் சிலவற்றில் வடிக்கும் பிளக்கே இருக்காது. அவற்றில் பின் மூடியைக் கழற்ற வேண்டும், அல்லது டியூப் விட்டு உறிஞ்ச வேண்டும். மூடியைக் கழற்றுவதே மேல். பற்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம்.

5. வடித்த ஆயிலை உடனே கொட்டிவிடாமல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். வெறும் கறுப்பு என்றால் வயசான ஆயில், அவ்வளவுதான். பால் கலந்த காப்பி நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காந்த பிளக்கில் சாம்பல் நிறத்தில் மை போல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் சில்லு, செதில், பல்லின் துண்டு எது இருந்தாலும் புது ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சில்லு பேரிங்கைச் சுற்றி வந்து மற்றதையும் கெடுக்கும்.

6. வண்டி சமதளத்தில் நிற்க, ஊற்றும் துளையின் கீழ் விளிம்பு வரை ஆயில் வர வேண்டும். இந்த அளவில் கஞ்சம் கூடாது. பினியன் பேரிங் ஹவுசிங்கின் முன்பக்கம் இருக்கிறது. கிரவுன் வீல் சுழன்று வீசும் ஆயில்தான் அதற்குப் போகிறது. நீண்ட மலையேற்றத்தில் மூக்கு மேலே தூக்கி நிற்கும்போது ஆயில் பின்பக்கம் ஒதுங்கும். ஏற்கெனவே அரை லிட்டர் குறைவாக இருந்தால் பேரிங் காய்ந்துபோகும். மலை வண்டிகளுக்கு இதை நான் அழுத்திச் சொல்வேன்.

7. ஆக்சில் ஹவுசிங்கின் மேலே சிறு மூடியாகவோ ரப்பர் டியூபாகவோ இருப்பது பிரீதர். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதில் சேறு அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்துக்கொண்டால் சூட்டில் விரியும் காற்று வெளியேற வழியின்றி ஆயிலைச் சீல் வழியே தள்ளும். சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது நேர்மாறாக, உள்ளே காற்று சுருங்கி அதே சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். பிரீதருக்கு நீண்ட டியூப் மாட்டி உயரத்தில் கட்டிவிட்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

8. ஹவுசிங் முழுகும் அளவு தண்ணீரில் இறங்கினீர்களா? மறுநாள் காலை, வண்டியை அசைக்காமல், வடிக்கும் பிளக்கைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது என்பதால் முதலில் அதுதான் சொட்டும். சொட்டினால் ஆயில் முழுவதையும் மாற்றிவிடுங்கள்.

9. பின் சக்கரத்தின் உட்புறம் ஆயில் ஈரம் தெரிந்தால் அன்றே கவனியுங்கள். ஆக்சில் சீல் வழியே வரும் ஆயில் பிரேக் லைனரை நனைக்கும். மலை இறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை. சீல் மாற்றும்போது பிரீதரையும் பார்க்கச் சொல்லுங்கள். அடைப்பு இருந்தால் புதுச் சீலும் கசியும்.

10. ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டால் பெரும்பாலும் பல் தேய்மானம். எப்போதும் உறுமல் கேட்டால் பேரிங். கியர் போட்டதும் ‘டொக்’ என்றால் கிரவுனைச் சந்தேகிக்குமுன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸைப் பாருங்கள். தடித்த 140 ஆயிலை ஊற்றி ஊளையை அடக்கி விற்பவர்கள் உண்டு. வாங்கும்போது தடித்த ஆயில் தெரிந்தால் கையேடு அதைத்தான் சொல்கிறதா என்று கேளுங்கள்.

11. ஒரே ஆக்சிலில் இரண்டு அளவு டயர் மாட்டாதீர்கள். காய்ந்த தார்ச் சாலையில் ஃபோர் வீல் போடாதீர்கள். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுழலும்போது ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்கள் தேய்ந்து உடையும். இறங்கிக் கல் போடுவது நல்லது.

12. கிரவுன் வீலும் பினியனும் ஜோடியாகவே உரசிப் பொருந்தச் செய்யப்பட்டவை. ஒன்று போனால் இரண்டையும் செட்டாக மாற்ற வேண்டும். பற்களுக்கு இடையே விடும் இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்குதான். டயல் கேஜ் வைத்து அளக்கும் கைக்காரரிடம் கொடுங்கள்.

13. மாற்றிய தேதியையும் ஆயிலின் பெயரையும் ஹவுசிங்கில் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். முன் கிரவுனுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் தனித்தனி ஆயில் உண்டு. அதே நாளில் அவற்றையும் திறந்து பார்த்துவிடுங்கள்.