இலையுதிர் காலத்தில் குதிரைகளுக்குப் போர்வை

குளிர் தேசங்களில் குதிரை வளர்ப்போருக்கு ஆண்டுதோறும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் ஒரு சந்தேகம் எழுவது வழக்கம். கோடை கழிந்து குளிர் தொடங்கும் அக்காலத்தில் வானிலை ஒரு நாள் இருந்தபடி மறுநாள் இருப்பதில்லை. காலையில் மூடுபனி கவிகிறது. நண்பகலில் வெயில் காய்கிறது. மாலையில் காற்றுடன் மழை அடிக்கிறது. இந்நிலையில் குதிரைக்குப் போர்வை போடுவதா, வேண்டாவா என்பதே அச்சந்தேகம். வேண்டும்போது போடாவிடில் நேரும் துன்பத்தைப் பலரும் அறிவர். வேண்டாதபோது போடுவதாலும் துன்பம் உண்டு என்பதை அறிந்தோர் சிலரே. இக்கேள்வி பெரிதும் எழுவது இங்கிலாந்து போன்ற தேசங்களிலாதலின், அத்தேசத்து நிலையைக் கொண்டே இங்கு விளக்கம் தரப்படுகிறது. உதகமண்டலம், கொடைக்கானல் முதலிய மலைவாசஸ்தலங்களில் மட்டக்குதிரை வைத்திருப்போர் கவனிக்கவேண்டியவை இறுதியில் கூறப்படும்.

மனிதனின் குளிரும் குதிரையின் குளிரும்

போர்வை விஷயத்தில் நேரும் தவறுகளுக்கு மூலகாரணம் ஒன்றே. குதிரைக்காரர் தம் உடம்பு உணரும் குளிரைக் கொண்டு குதிரையின் குளிரை அளக்கிறார். தாம் கம்பளிச் சட்டை அணியும் நேரத்தில் குதிரையும் போர்வையை நாடும் என்று எண்ணுகிறார். இவ்வெண்ணம் பொருந்தாது. ஆடையின்றி ஓய்வாயிருக்கும் மனிதனுக்கு ஏறக்குறைய 27 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குளிரத் தொடங்கும். மிதமான சீதோஷ்ணத்தில் பழகிய குதிரையோ 5 டிகிரி முதல் 25 டிகிரி வரையில் யாதொரு முயற்சியுமின்றித் தன் தேக உஷ்ணத்தைக் காத்துக்கொள்கிறது. நன்றாய் மாரிக்கால ரோமம் வளர்ந்து, கடுங்குளிருக்குப் பழகிய குதிரைகள் காற்றும் மழையும் இல்லாவிடில் பூஜ்யத்துக்கு வெகு கீழான குளிரையும் பொறுக்கின்றன.

மத்திய இங்கிலாந்தில் சராசரி உஷ்ணநிலை செப்டம்பரில் ஏறக்குறைய 14 டிகிரி. அக்டோபரில் 11 டிகிரி. நவம்பரில் ஏழரை டிகிரி. இவற்றை மேற்கண்ட எல்லைகளுடன் ஒப்பிட்டால் உண்மை விளங்கும். இலையுதிர் காலத்தின் பெரும்பகுதியில், உடல் நலமும் ரோமமும் உள்ள குதிரைக்கு வெறும் குளிர் ஒரு பொருட்டன்று. அதை வருத்துவது நனைவும் காற்றும் குளிரும் ஒருங்கே கூடுவதுதான்.

ரோமம் செய்யும் வேலை

குதிரையின் மாரிக்கால ரோமம் வளரத் தொடங்குவது குளிர் கண்டு அன்று. பகற்பொழுது குறைவது கண்டு. ஜூன் மாதக் கடைசியில் பகல் குறையத் தொடங்கியதும் அம்மாறுதலைக் கண் வழியாக மூளை உணர்ந்து, உடம்பில் வேண்டிய மாறுதல்களை உண்டாக்குகிறது. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே கோடை ரோமம் உதிர்ந்து புதிய ரோமம் முளைக்கிறது. ஆகவே மக்கள் போர்வையைப் பற்றிச் சிந்திக்குமுன்னரே குதிரை தன் போர்வையைத் தானே நெய்யத் தொடங்கிவிடுகிறது.

இந்த ரோமம் மூன்று விதமாய்க் காக்கிறது. முதலாவது, குளிர் தாக்கும்போது தோலிலுள்ள நுண்ணிய தசைகள் ரோமத்தை நிமிர்த்துகின்றன. ரோமங்களுக்கிடையே நிற்கும் காற்று உடம்பின் சூட்டை வெளியே விடாது தடுக்கிறது. இரண்டாவது, தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை மழைநீரை உள்ளே இறங்கவிடாது வழியச் செய்கிறது. மூன்றாவது, வெயில் ஏறியதும் ரோமம் படிந்து சூட்டை வெளிவிடுகிறது. இவ்வாறு காலைக்கும் நண்பகலுக்கும் ஏற்ப மாறும் போர்வையை மனிதன் செய்ததில்லை.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் விளங்கும். லேசான போர்வையை ரோமத்தின்மேல் இட்டால், அது நிமிர்ந்த ரோமத்தை அழுத்திக் காற்றை வெளியேற்றிவிடும். தான் தரும் காப்பினும் மிகுதியான காப்பை அது கெடுத்தாலும் கெடுக்கும். மேலும், வெளியில் மேயும் குதிரையை இக்காலத்தில் அடிக்கடி கழுவி, எண்ணெய்ப் பசை போகும்படி அழுந்தத் தேய்ப்பது தவறு. சேணமும் வாரும் படும் இடங்களிலுள்ள சேற்றை மட்டும் நீக்கினாற் போதும்.

தீனியே உள்ளடுப்பு

குதிரை உண்ணும் நார்த்தீனி பெருங்குடலில் நுண்ணுயிர்களால் நொதித்துச் செரிக்கும்போது உஷ்ணம் பிறக்கிறது. ஆதலால் வைக்கோற்புல்லே குதிரைக்கு உள்ளடுப்பாகும். 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்குச் சாதாரணமாய் ஏழரை முதல் 10 கிலோ வரை உலர்தீனி வேண்டும். தாங்கக்கூடிய குளிரின் எல்லைக்குக் கீழே ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் தீனித் தேவை ஏறக்குறைய இரண்டரை சதவீதம் உயர்கிறது. ஐந்து டிகிரி கீழிறங்கினால் ஒரு கிலோ உலர்ந்த புல்லை அதிகமாய் இடுவது அதற்கு ஈடாகும். குளிரும் இரவில் போர்வையைத் தேடுமுன் புல்லிருக்கும் தொட்டியைப் பார்ப்பது நலம். தானியத்தை மிகுதியாக்குவது இதற்கு மாற்றாகாது. நார்த்தீனியே நெடுநேரம் சூட்டைத் தரும்.

வேண்டாத போர்வையால் விளையும் தீங்கு

போர்வைக்குள் சூடு மிகுந்தால் குதிரை வியர்க்கும். தானே அதைக் கழற்றிக்கொள்ள அதனால் முடியாது. நண்பகலில் வியர்த்து நனைந்த ரோமம் மாலையில் குளிர்ந்து, காப்பதற்குப் பதிலாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொள்ளும். குளிருக்கு அஞ்சி இட்ட போர்வையே குளிருக்கு வழியாகிறது. ஈரம் நீங்காத போர்வையின் கீழ்த் தோல் ஊறிப் புண்ணாவதும், பொருத்தமில்லாத போர்வை முன்தோளிலும் பிடரியின் அடியிலும் உராய்ந்து ரோமத்தைத் தேய்ப்பதும் அடிக்கடி காணப்படுவன.

இவற்றினும் பெரிய தீங்கு ஒன்றுண்டு. இலையுதிர் காலத்து மழையால் மேய்ச்சல் புல் மறுபடி தழைக்கும்போது குதிரைகள் கொழுக்கின்றன. அக்கொழுப்பு மாரிக்காலத்தில் கரைந்து, வசந்தகாலத்தில் உடல் அளவாய் நிற்பதே இயற்கை. போர்வையிட்டு வைத்தால் கொழுப்பு கரைவதில்லை, ஆண்டுக்காண்டு கூடுகிறது. அளவுக்கு மிஞ்சிக் கொழுத்த குதிரைக்கும் மட்டக்குதிரைக்கும் லாமினைட்டிஸ் எனப்படும் குளம்பழற்சி எளிதில் வரும். அந்நோயின் வேதனை கொடியது. முற்றினால் குதிரையையே இழக்க நேரும். கொழுத்த குதிரைக்கு அன்பினால் இடும் போர்வை இவ்வாறு பகையாய் முடியலாம்.

போர்வை அவசியமான குதிரைகள்

எனினும் போர்வையே வேண்டா என்பது கருத்தன்று. வேலைக்காக ரோமம் கத்தரிக்கப்பட்ட குதிரை தன் இயற்கைக் காப்பை இழந்ததாகும். அதற்குப் போர்வை கட்டாயம் வேண்டும். மிக முதிர்ந்தவை, மெலிந்தவை, நோயுற்றுத் தேறுபவை, இளங்குட்டிகள், வெப்பமான இடத்திலிருந்து புதிதாய் வந்தவை ஆகியவற்றிற்கும் குளிரைத் தாங்கும் ஆற்றல் குறைவு. தரோபிரெட், அரபி முதலிய மெல்லிய தோலுள்ள ஜாதிகள், எக்ஸ்மூர், ஷெட்லாந்து போன்ற அடர்ந்த ரோமமுள்ள மட்டக்குதிரைகளினும் விரைவில் குளிரை உணரும். வெளியில் ஒதுங்கக் கொட்டகையோ, மரமோ, அடர்ந்த வேலியோ இல்லாத மேய்ச்சல் நிலத்திலுள்ள குதிரைகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

நாள்தோறும் தீர்மானிக்கும் முறை

மேற்கூறியவற்றை ஒரு நாளைக்குப் பொருத்திப் பார்ப்போர்க்கு முறை எளிதில் விளங்கும். அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் காலையில் 4 டிகிரி, புல்லில் பனித்துளி, காற்றில்லை. நண்பகலில் 15 டிகிரி வரை வெயில் ஏறும். இரவில் காற்றுடன் மழை வருமென வானிலை அறிக்கை கூறுகிறது. ரோமமும் சதைப்பற்றும் உள்ள குதிரைக்குக் காலையில் போர்வை வேண்டா. ஒதுங்க இடமிருந்தால் இரவிலும் வேண்டா. புல்லை மட்டும் மிகுதியாய் வைக்கலாம். ரோமம் கத்தரித்த குதிரைக்குக் காலையில் மெல்லிய போர்வை இட்டு, வெயில் ஏறியதும் கழற்றி, மாலையில் மழைபுகாப் போர்வை இடவேண்டும். மெலிந்த கிழக்குதிரைக்கு மழைக்கு முன், ரோமம் உலர்ந்திருக்கும்போதே மழைபுகாப் போர்வையை இடுவது உத்தமம். நாள் ஒன்றே ஆயினும் குதிரைக்குக் குதிரை விடை வேறாவது காண்க. பகல் முழுதும் குதிரையைக் கவனிக்க இயலாதவர், இரவின் குளிரை எண்ணிக் கனத்த போர்வையை இட்டுச் செல்லாது, பகலின் வெப்பத்தையும் எண்ணி மெல்லியதையே தேர்தல் வேண்டும்.

தீர்மானம் சரிதானா என்பதைக் குதிரையின் உடம்பே கூறும். போர்வையின் கீழ் முன்தோளின் பின்புறத்தில் கையை வைத்துப் பார்த்தால், உலர்ந்து இதமான சூடாயிருப்பது சரியான நிலை. ஈரமோ வியர்வையோ தட்டினால் போர்வை மிகை. காது மட்டும் சில்லென்றிருப்பது குளிருக்குப் போதிய சான்றாகாது. நடுங்குதல், உடலைக் குறுக்கி வாலை ஒடுக்கிக் காற்றுக்கு முதுகு காட்டி அசையாது நிற்றல், மேயாதிருத்தல் ஆகியவை கூடினால் குளிர் வருத்துகிறது என்று அறியலாம். வாரத்துக்கொருமுறை விலாவைக் கையால் அழுத்திப் பார்ப்பதும் அவசியம். அடர்ந்த ரோமம் மெலிவைக் கண்ணுக்கு மறைத்துவிடும். குளிரால் வருந்தும் குதிரை நனைந்திருந்தால், அதை மழையினின்று ஒதுக்கித் துவட்டிப் புல்லிடவேண்டும். ஈர ரோமத்தின்மேல் கனத்த போர்வையைக் கட்டிவிடலாகாது. ஈரம் மேலேறிப் போகும்படி, முதுகின்மேல் உலர்ந்த வைக்கோலைப் பரப்பி அதன்மேல் சணல் போர்வையை இடுவது பழைய லாயங்களின் வழக்கம்.

குதிரைகளே கூறிய விடை

இவ்விஷயத்தில் குதிரைகளின் விருப்பத்தையே கேட்டறிந்த பரிசோதனை ஒன்று நார்வே தேசத்தில் நடத்தப்பட்டு 2016இல் வெளியாயிற்று. 23 குதிரைகளுக்கு மூன்று குறிகள் கற்பிக்கப்பட்டன. ஒரு குறியை மூக்கினால் தொட்டால் போர்வை இடப்படும். மற்றொன்றைத் தொட்டால் கழற்றப்படும். மூன்றாவதைத் தொட்டால் உள்ளபடியே விடப்படும். இரண்டு வாரங்களுக்குள் எல்லாக் குதிரைகளும் இதைக் கற்றுக்கொண்டன. பின்னர்ச் சோதித்தபோது, நல்ல வெயில் நாட்களில் போர்வையிட்டிருந்தவை கழற்றும்படியும், மழையும் காற்றும் குளிரும் கூடிய நாட்களில் இல்லாதவை இடும்படியும் பெரும்பாலும் கேட்டன. நனைவும் காற்றுமே குதிரைக்கு முக்கியம் என்ற அனுபவஸ்தர் கூற்று இதனால் உறுதிப்பட்டது.

போர்வையின் வகையும் பராமரிப்பும்

தற்காலப் போர்வைகளின் கனம் சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் பஞ்சடைப்பு எனக் குறிக்கப்படும். அடைப்பில்லாதது மழையையும் காற்றையும் மட்டும் தடுக்கும். 200 கிராம் நடுத்தரம். 300 கிராமும் அதற்கு மேலும் கனத்தவை. இலையுதிர் காலத்துக்கு அடைப்பில்லாததோ மெல்லியதோ பெரும்பாலும் போதும். எத்தகைய போர்வையாயினும் நாள்தோறும் ஒருமுறையேனும் கழற்றி, தோலையும் வார்களையும் சோதித்து, நனைந்திருந்தால் உலர்ந்த வேறொன்றை மாற்றவேண்டும்.

மலைவாசஸ்தலங்களில்

உதகமண்டலம் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும், கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் காற்றும், மார்கழி, தையில் உறைபனியும் அங்குக் காணப்படும். ஆயினும் இங்கிலாந்துக்கும் அவ்விடங்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேற்றுமை ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். உதகையிலோ ஒன்றேகால் மணி நேரமே. பகல் குறைவே ரோமத்தை வளர்ப்பதாதலின், அங்குள்ள மட்டக்குதிரைக்கு இங்கிலாந்துக் குதிரையைப்போல் அடர்ந்த ரோமம் எதிர்பார்ப்பதற்கில்லை. சமவெளியிலிருந்து மழைக்காலத்தில் மலையேற்றப்பட்ட குதிரைக்கு இக்குறை இன்னும் அதிகம். அதற்கு முதல் மூன்று வாரங்களேனும் இரவில் ஒதுக்கிடமும், மிகுதியான நார்த்தீனியும், மழையில் மழைபுகாப் போர்வையும் வேண்டும். சவாரியில் வியர்த்துத் திரும்பும் குதிரையைச் சேணத்தை இறக்கியவுடன் காற்றில் நிறுத்திவிடாது, மெதுவாய் நடத்தி உலர்த்தியபின் கட்டுவது அவசியம். ஏரிக்கரையில் மழையில் நனைந்து வாடகைக்குக் காத்து நிற்கும் மட்டக்குதிரைக்கு ஒரு கூரையும் ஒரு கட்டுப் புல்லும் விலையுயர்ந்த போர்வையினும் பெரிய உதவியாகும்.

முடிவாக, போர்வையை எடுக்குமுன் குதிரைக்காரர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் நான்கு. ரோமம் இருக்கிறதா? சதைப்பற்று எவ்வளவு? நனைவும் காற்றும் உண்டா? ஒதுங்க இடமும் உண்ணப் புல்லும் உண்டா? இவற்றிற்கு விடை கண்டபின், குதிரையின் தோளில் கை வைத்துப் பார்த்துத் தீர்மானிப்பவர் தவறுவது அரிது.