நின்ற இதயமும் தயங்கும் கைகளும்

2021 ஜூன் 12. கோபன்ஹேகனின் பார்க்கன் மைதானத்தில் யூரோ கோப்பைக்காக டென்மார்க்கும் பின்லாந்தும் மோதிக்கொண்டிருந்தன. முதல் பாதி முடியும் தறுவாயில், பந்தை வாங்கப் போன டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் யாரும் இடிக்காமலே சரிந்து விழுந்தார். அவருடைய இதயம் நின்றுபோயிருந்தது. சக வீரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொள்ள, மருத்துவக் குழு நெஞ்சை அழுத்தத் தொடங்கியது. டிஃபிப்ரிலேட்டர் கருவி கொடுத்த ஒரே மின்னதிர்ச்சியில் இதயம் மறுபடி துடித்தது. அதே எரிக்சன், 2024 யூரோ கோப்பையில் ஸ்லோவேனியாவுக்கு எதிராகக் கோல் அடித்தார்.

மைதானத்தில் மருத்துவர்கள் தயாராக இருந்தார்கள். ஆனால் இதயம் திடீரென்று நிற்பது பெரும்பாலும் வீட்டில்தான் நடக்கிறது. அப்போது பக்கத்தில் இருப்பவர் மனைவியோ மகனோ எதிர்வீட்டுக்காரரோதான். யாரும் நெஞ்சை அழுத்தாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் வரை குறைக்கிறது. அந்த நேரத்தில் கையைக் கட்டிப்போடுவது பயம். அந்தப் பயத்தை வளர்ப்பவை சில தவறான நம்பிக்கைகள்.

நம்பிக்கை: மாரடைப்பும் இதயம் நின்றுபோவதும் ஒன்றுதான்.

உண்மை: மாரடைப்பில் இதயத் தசைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபடுகிறது. நெஞ்சு வலிக்கும், வியர்த்துக் கொட்டும். ஆனால் பெரும்பாலும் நினைவு இருக்கும், பேசுவார். அவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதயம் நின்றுபோகும் கார்டியாக் அரெஸ்டில் இதயத்தின் மின்னோட்டமே தாறுமாறாகி, ரத்தம் பாய்வது நின்றுவிடுகிறது. சில நொடிகளில் நினைவு போய்விடும். நெஞ்சை அழுத்தி உயிர்மீட்கும் சி.பி.ஆர். தேவைப்படுவது இவருக்குத்தான். முன்னது பின்னதாக மாறக்கூடும் என்பதால் நெஞ்சுவலிக்காரரைத் தனியே விடக்கூடாது.

நம்பிக்கை: தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால் பலமாக இருமியே உயிர் தப்பலாம்.

உண்மை: வாட்ஸ்அப்பில் ஆண்டுக்கணக்காகச் சுற்றும் இந்த யோசனையை அமெரிக்க இதயச் சங்கம் ஏற்கவில்லை. இருமிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 108 ஆம்புலன்ஸை அழைத்திருக்கலாம்.

நம்பிக்கை: மூச்சு இழுக்கிறது, அதனால் உயிருக்கு ஆபத்தில்லை.

உண்மை: அதிக உயிர்களைப் பறிக்கும் குழப்பங்களில் இதுவும் ஒன்று. இதயம் நின்ற பிறகும் முதல் சில நிமிடங்களுக்குப் பலருக்கு மூச்சு திணறித் திணறி வரும். கரையில் போட்ட மீனைப்போல வாய் திறந்து மூடும். தொண்டையில் கர்ரென்று ஒரு சத்தம், நீண்ட இடைவெளி, மறுபடி ஓர் இழுப்பு. சுற்றி நிற்பவர்கள் ‘மூச்சு இருக்கு, தண்ணி குடுங்க’ என்பார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றும் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இந்த இழுப்பு உண்மையான சுவாசமே இல்லை. தோளைத் தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, 10 நொடி பார்த்தும் சீரான மூச்சில்லை என்றால், ஒருவர் 108-ஐ அழைக்க, மற்றொருவர் நெஞ்சை அழுத்தத் தொடங்க வேண்டும். தனியாக இருப்பவர் செல்பேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு இரண்டையும் செய்யலாம்.

நம்பிக்கை: தெரியாதவர் அழுத்தினால் விலா எலும்பு உடைந்து நிலைமை மோசமாகும்.

உண்மை: விலா உடையலாம், அது பிறகு கூடிவிடும். இதயம் நின்றவரின் நிலைமை இனி மோசமாவதற்கு எதுவும் மிச்சமில்லை. இதயம் நிற்காத ஒருவரைத் தவறுதலாக அழுத்திவிட்டால்? சியாட்டில் பகுதியில் அப்படி அழுத்தப்பட்டவர்களை ஆராய்ந்து 2010-இல் வெளியான ஆய்வில், 100-க்கு சுமார் 2 பேருக்கே எலும்பு முறிந்திருந்தது.

முறை எளிது. மெத்தையில் கிடப்பவரைத் தரைக்கு இறக்கி மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். மார்பின் நடுவில் ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதி, அதன்மேல் மற்றொரு கை. முழங்கை மடங்காமல், உடம்பின் பாரம் இறங்கும்படி 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுதாக மேலெழ விட வேண்டும். இரண்டே நிமிடத்தில் கை ஓய்ந்துபோகும். அடுத்தவர் உடனே இடம் மாற வேண்டும்.

நம்பிக்கை: வாயோடு வாய் வைத்து ஊதாவிட்டால் பயனில்லை.

உண்மை: பெரியவர் ஒருவர் கண்ணெதிரே திடீரென்று விழுந்தால், பயிற்சி இல்லாதவர் நெஞ்சை மட்டும் அழுத்தினால் போதும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2008-இலேயே அறிவித்தது. அப்போது அவர் ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும். தண்ணீரில் மூழ்கியவர்களும் குழந்தைகளும் விதிவிலக்கு; அவர்களுக்கு மூச்சும் கொடுக்க வேண்டும்.

நம்பிக்கை: ஷாக் கொடுக்கும் கருவியை டாக்டர்தான் தொடலாம்.

உண்மை: பொது இடங்களில் வைக்கப்படும் ஏ.இ.டி. என்னும் டிஃபிப்ரிலேட்டர் கருவி, இயக்கியதும் பேசத் தொடங்கும். சட்டையை விலக்கி, வியர்வையைத் துடைத்து, ஒரு பட்டையை வலது காறை எலும்புக்குக் கீழும் மற்றதை இடது அக்குளுக்குக் கீழும் ஒட்டினால், துடிப்பை அதுவே அளந்துபார்க்கும். தேவையில்லை என்றால் பொத்தானை அழுத்தினாலும் மின்சாரம் பாயாது. சிகாகோ விமான நிலையங்களில் இக்கருவிகளை வைத்தபின் இரண்டு ஆண்டுகளில் 11 பேர் உயிர்மீட்கப்பட்டதை 2002-இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. அவர்களில் 6 பேரைக் காப்பாற்றியவர்கள் அதுவரை ஏ.இ.டி.யை இயக்கப் பழகாதவர்கள்.

இன்னொரு தயக்கமும் உண்டு. பொது இடத்தில் இதயம் நின்ற ஆண்களில் 45 சதவீதம் பேருக்கு யாராவது சி.பி.ஆர். செய்தார்கள், பெண்களில் 39 சதவீதம் பேருக்கே செய்தார்கள் என்று அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. விழுந்து கிடப்பவர் பெண் என்று விலகி நிற்பது அவர் உயிருக்கே உலை வைக்கும்.

எரிக்சனின் டென்மார்க், பள்ளிகளிலும் ஓட்டுநர் உரிமப் பயிற்சியிலும் சி.பி.ஆர்.ஐக் கட்டாயமாக்கியது. அங்கே 2001-இல் இதயம் நின்றவர்களில் 21 சதவீதம் பேருக்கே அருகிலிருந்தவர்கள் சி.பி.ஆர். செய்தார்கள், 2010-இல் அது 45 சதவீதமாக உயர்ந்தது. 30 நாள் கடந்து பிழைத்திருந்தவர்கள் 3.5 சதவீதத்திலிருந்து 10.8 சதவீதமானார்கள். ஆம்புலன்ஸ், மருத்துவமனைச் சிகிச்சைகள் மேம்பட்டதற்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதல் சில நிமிடங்கள் அருகிலிருப்பவர்கள் கையில்தான் இருக்கின்றன. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் பொதுமக்களுக்கு முதலுதவிப் பயிற்சி அளிக்கின்றன. அடுக்ககச் சங்கங்களும் அலுவலகங்களும் பள்ளிகளும் அவர்களை அழைத்து, எல்லோரையும் பயிற்சிப் பொம்மையின் நெஞ்சில் ஒருமுறையாவது கைவைத்து அழுத்திப் பார்க்கச் செய்யலாம்.