ஏரி தந்ததும் தராததும்

அன்புள்ள மலர்விழி,

சில நாடுகள் செல்வத்தில் மிதக்க, சில நாடுகள் ஏன் பின்தங்கிக் கிடக்கின்றன என்று கேட்டிருந்தாய். மண்வளம் போதாது, மக்கள் உழைப்பதில்லை என்று பலரும் சொல்லும் விடைகளை நான் ஏற்கவில்லை. இதைப் பற்றிச் சிந்திக்க உதவும் சான்று உங்கள் திருப்பதியிலேயே கல்லில் வெட்டிக் கிடக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

திருமலை, திருப்பதிக் கோயில்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு. பெரும்பாலானவை தமிழில் உள்ளவை. விஜயநகர ஆட்சிக்காலமான 15, 16-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளைப் படித்தால் ஒரே ஏற்பாடு திரும்பத் திரும்ப வரும். ஒருவர் கோயில் கருவூலமான ஸ்ரீபண்டாரத்தில் இத்தனை நற்பணம் என்று காசு செலுத்துவார். கோயில் அந்தப் பணத்தைப் பூட்டி வைக்காமல், கோயிலுக்கு உரிய திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடும். அதனால் கூடும் விளைச்சலைக் கொண்டு, கொடுத்தவர் பெயரில் நாள்தோறும் அமுதுபடி நடக்கும். பர்ட்டன் ஸ்டைன் என்ற வரலாற்றாசிரியர் 1960-இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதை விரிவாக ஆராய்ந்தார். மழை பொய்த்தால் கருகிவிடும் சீமையில், பலரது சேமிப்பைத் திரட்டி நிலத்தில் முதலீடாக்கிய அமைப்பு இது. இதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிடக் கூடாது. கணக்கும் பொறுப்பும் தெரிந்தவர்கள் நடத்திய காரியம்.

அப்படியானால் அந்தச் சீமை ஏன் தொடர்ந்து வளரவில்லை? முதல் ஏரிக்கு நல்ல இடம் அமையும். பத்தாவது ஏரிக்கு மிஞ்சிய இடம்தான் கிடைக்கும். செலவு அதேதான், பலன் குறைவு. நெல் கூடினால் உண்போர் தொகையும் கூடும், தலைக்குக் கிடைப்பது பெரிதாக மாறாது. உலகெங்கும் பழைய பொருளாதாரங்கள் முட்டி நின்ற இடம் இதுவே. பணத்தை மேலும் மேலும் கொட்டுவதால் மட்டும் இதைக் கடக்க முடியாது. வேலை செய்யும் முறை மாற வேண்டும். ஏரி நீரைப் பங்கிட்டால் ஆளுக்குக் குறையும். நல்ல முறையை எத்தனை பேர் கற்றாலும் அது குறைவதில்லை. நாடுகளுக்கிடையிலான பெரிய வேற்றுமை, ஒரு மனிதரின் ஒரு மணி நேர உழைப்பு எவ்வளவு விளைவிக்கிறது என்பதில் இருக்கிறது. அதைத் தீர்மானிப்பது அவரைச் சூழ்ந்த அறிவும் அமைப்பும் என்பதே என் வாதம்.

இயந்திரம்தானே காரணம் என்று நீ கேட்கலாம். கிரிகரி கிளார்க் என்பவர் 1910-ஐ ஒட்டிய பஞ்சாலைக் கணக்குகளை ஆராய்ந்து 1987-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஏறக்குறைய ஒரே வகை இயந்திரங்கள்தான் எங்கும் ஓடின. ஆயினும் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து ஆலையில் ஒருவர் பார்த்த வேலையை இந்தியாவிலும் ஜப்பானிலும் சீனாவிலும் ஏறத்தாழ ஆறு பேர் பார்த்தார்கள். இதைக் காட்டி நம்மவர் சோம்பேறிகள் என்று முடிவு கட்டுவோர் அந்தப் பட்டியலில் ஜப்பானும் இருப்பதைக் கவனிப்பதில்லை. 1930-களிலேயே பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனை முந்திவிட்டது. மக்களின் இயல்பு இருபது, முப்பது ஆண்டில் மாறாது. பயிற்சியும் நிர்வாகமும் மாறும். நம் நாட்டிலேயே மும்பையை அடுத்த துணி ஆலைகளில் நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2013-இல் வெளிவந்தன. இயந்திரப் பழுதைக் குறித்து வைப்பது, சரக்கை ஒழுங்காக அடுக்குவது போன்ற எளிய நடைமுறைகளைக் கற்றுக்கொடுத்ததில், முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 விழுக்காடு உயர்ந்தது.

ஆங்கிலேயர் சுரண்டியதை மறந்துவிட்டீர்களா என்பது வலுவான மறுப்பு. மறக்கவில்லை. வரியாக எடுத்துச் சென்றது பெரிய கொடுமை. ஆனால் அதைவிட ஆழமான காயம், அவர்கள் விதைக்காமல் விட்டது என்று நினைக்கிறேன். வட ஆர்க்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் பகுதிகளைப் பிரித்து, திருப்பதியும் அடங்கியதாகச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கிய அதே 1911-இல், கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு ஆறு பேர்தான் எழுத்தறிந்தவர்கள். அப்போதே ஜப்பானில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் தொடக்கப் பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். எடுத்துச் சென்ற பணத்தை ஒரு தலைமுறையில் மீண்டும் சேர்க்கலாம். படிக்காமல் போன தலைமுறைகளை ஈடுசெய்வது அத்தனை எளிதல்ல.

இன்று சத்தியவேடு பக்கம் ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டையில் இசுசு வண்டியும் டைக்கின் குளிர்சாதனமும் ஃபாக்ஸ்கான் செல்பேசியும் தயாராகின்றன. லாபம் வெளிநாட்டுக்குத்தானே போகிறது என்பவர்களுக்கு, 1985-இல் தொடங்கிய, திருப்பதியை அடுத்த கரகம்பாடி அமர ராஜாவைக் காட்டுவேன். மின்கலத் தயாரிப்பில் அமெரிக்காவின் ஜான்சன் கன்ட்ரோல்ஸோடு பல ஆண்டுகள் கூட்டாக இருந்த அந்த நிறுவனம், 2019-இல் கூட்டு முடிந்த பிறகும் தன் காலில் நின்று தொழில் நடத்துகிறது. லாபம் பிரிந்து போகலாம், கற்ற முறை இங்கேயே தங்குகிறது.

ஆனால் அது தானாகத் தங்காது. கற்றுக்கொள்ள அடித்தளம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் சித்தூர் மாவட்டப் பெண்களில் நூற்றுக்கு 63 பேர்தான் எழுத்தறிந்தவர்கள். செல்பேசித் தொழிற்சாலையில் பாகங்களைப் பொருத்துபவர்களோ பெரும்பாலும் பெண்கள். ஆகவே தொழிற்பேட்டைக்கு எத்தனை கோடி முதலீடு வந்தது என்று செய்தித்தாள் சொல்லும்போது, எனக்கு வேறு ஒரு கணக்கு வேண்டும்: ஸ்ரீசிட்டியை ஒட்டிய வரதையபாளையத்திலிருந்து உதவியாளராகச் சேர்ந்த பெண்களில் எத்தனை பேர் பத்து ஆண்டில் அந்தப் பிரிவையே நடத்தும் பொறுப்புக்கு வந்தார்கள்? நீ பொருளாதாரம் படிக்கப்போவதாக எழுதியிருந்தாய். அந்தக் கணக்கை நீ எடுக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அன்புடன்,
உன் பெரியப்பா