மழை விட்ட பிறகுதான் ஆறு வரும்

ஐப்பசி பிறந்துவிட்டது. இனி மார்கழி வரை வங்காள விரிகுடாவில் உருவாகும் எந்தத் தாழமுக்கத்தையும் அலட்சியம் செய்யக்கூடாது. “சூறாவளி மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும்தானே” என்று கொட்டாஞ்சேனையில் இன்னமும் சொல்கிறார்கள். காற்றைப் பற்றியென்றால் அது பெரும்பாலும் சரி. 1978இல் வந்ததும் 2000இல் வந்ததும் கிழக்கைத்தான் சிதைத்தன. கொழும்புக்குச் சூறாவளி தண்ணீராக வரும். அதுவும் பிந்தி வரும்.

2025 நவம்பர் 28இல் டித்வா சூறாவளி கிழக்கே கரையேறியது. நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே மழை குறைந்த பிறகும் களனி கங்கை ஏறிக்கொண்டேயிருந்தது. மலைநாட்டில் கொட்டிய மழை நம் வாசலுக்கு வர ஒன்றிரண்டு நாளாகும். வெயிலைக் கண்டு கட்டிலை இறக்கி வைத்தால் இழப்புத்தான். மழை விட்டதென்று வீடு திரும்பாதீர்கள். மழை விட்டதென்று வீடு திரும்பவே திரும்பாதீர்கள்!

வானத்தைப் பார்க்காமல், களனியின் நீர்மட்டத்தைக் காட்டும் நாகலகம் வீதி அளவுகோலைப் பாருங்கள். அங்கே 5 அடி என்றால் சிறு வெள்ளம்; 7 அடி என்றால் பெருவெள்ளம். நீர்ப்பாசனத் திணைக்களம் அளவை அறிவித்துக்கொண்டேயிருக்கும். போன முறை உங்கள் படியைத் தண்ணீர் தொட்டபோது அங்கே எத்தனை அடி நின்றது? அயலவரைக் கேட்டு, சுவரில் கறை படிந்த இடத்திலேயே எழுதி வையுங்கள். உங்கள் வீட்டின் ஆபத்தை இதைவிடத் தெளிவாக யாரும் கணித்துத் தரமாட்டார்கள்.

மற்றவை உங்களுக்குத் தெரிந்தவைதான். கூரைத் தகரத்தை இறுக்குங்கள். மதிலோர மரக்கிளையை வெட்டுவியுங்கள். அடையாள அட்டை, உறுதி, மருந்துச் சீட்டு எல்லாம் ஒரே பொலித்தீன் பையில். தண்ணீர் நுழையுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். கேஸ் சிலிண்டரைக் கட்டி வையுங்கள். வெள்ளத்தில் நின்ற பிறகு காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலா என்று உடனே பார்க்க வேண்டும். அவசரத்துக்கு 117.

வெள்ளவத்தைக்காரருக்கும் பங்குண்டு. ஆறு உயரும்போது அது நகருக்குள் நுழையாமலிருக்க வடக்கேயுள்ள வெள்ளக் கதவுகளை மூடுவார்கள். அப்போது நகரத்தின் மழைநீர் கடலுக்கு இறங்கும் வழிகளில் உங்கள் கால்வாயும் ஒன்று. அதற்குள் குப்பைப் பை வீசுகிறவரை இனிக் கெஞ்சப்போவதில்லை: உங்கள் பை அடைக்கிற தண்ணீர் இன்னொருவர் தொட்டிலடியில் நிற்கும். தொடர்மாடியின் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலிருக்கும் வாகனங்களை எச்சரிக்கை வந்ததுமே மேலே ஏற்றுங்கள். தண்ணீர் ஏறத் தொடங்கியபின் வாகனம் எடுக்க யாரும் கீழே இறங்கவேண்டாம்.

மறுபடியும் சொல்கிறேன்: அளவுகோல் இறங்கி, கிராம உத்தியோகத்தர் போகலாம் என்ற பிறகுதான் வீடு. கட்டிலோடு கிடக்கும் அம்மம்மாவை யார் தூக்குவது, எந்த வீட்டு மேல்மாடிக்கு என்பதை இன்றிரவே பேசி முடியுங்கள்.