இரவல் நிரலும் நம் கடமையும்

“சிறு துரும்பும் பல் குத்த உதவும்” என்பது பழமொழி. அத்துரும்பு திடீரென மறைந்தால் என்னவாகும்? 2016-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் கணினி உலகம் அதனைக் கண்டது.

இன்று மென்பொருள் செய்வோர் எல்லாவற்றையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிப் பொதுவில் வைத்த நிரல்களையும் எடுத்துச் சேர்த்துக்கொள்கின்றனர். இவற்றை நிரல் நூலகங்கள் என்பர். ‘லெஃப்ட்-பேட்’ அவற்றுள் ஒன்று. அதில் இருந்தவை 11 வரிகளே. ஒரு சொல்லின் இடப்புறத்தில் வேண்டிய அளவு இடைவெளி சேர்ப்பதே அதன் வேலை. அதை எழுதியவர் மனத்தாங்கல் கொண்டு, ‘என்.பி.எம்.’ என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதனை நீக்கிவிட்டார். உடனே ஆயிரக்கணக்கான மென்பொருள்களின் வேலை தடைப்பட்டது! அதை நேரடியாகச் சேர்க்காதவர்களும் தப்பவில்லை. அவர்கள் எடுத்த நூலகம் வேறொன்றையும், அது லெஃப்ட்-பேட்டையும் சார்ந்திருந்ததே காரணம். சுமார் இரண்டு மணி நேரத்தில் அந்நிரல் மீண்டும் வைக்கப்பட்டது.

இரவலுக்கு நிபந்தனையும் உண்டு. அதுவே உரிமம். எம்.ஐ.டி. உரிமம், ஆசிரியரின் பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருக்கக் கேட்கிறது. ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதி 1989-இல் வெளிவந்த ஜி.பி.எல். உரிமமோ, அந்நிரலைச் சேர்த்துச் செய்த மென்பொருளைப் பிறருக்கு வழங்கினால், மூல நிரலையும் அதே உரிமத்தில் வழங்கச் சொல்கிறது. 2003-இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்றில் இவ்வுரிமமுள்ள லினக்ஸ் நிரல் இருப்பது தெரியவந்தது. நிறுவனம் மூல நிரலை வெளியிட்டது. அதன் பயனாக 2004-இல் ‘ஓபன்டபிள்யூஆர்டி’ என்னும் பொதுத் திட்டம் பிறந்தது. உரிமம் எதுவும் குறிக்கப்படாத நிரலை நம் விருப்பம்போல் எடுத்தாள அனுமதி இல்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எங்கள் வகுப்பில் மதிப்பெண் கணக்கிடும் நிரல் ஒன்று செய்தோம். எங்கிருந்தோ எடுத்த பகுதியின் மேலிருந்த பெயரை, “அழகாக இல்லை” என்று அழித்துவிட்டோம். “இதில் நீங்கள் எழுதியது எத்தனை வரி, பிள்ளைகளே?” என்று சிஸ்டர் கேட்டார். நாங்கள் தலை குனிந்தோம். மறுநாள் அப்பெயரைத் திரும்ப எழுதினோம். எடுத்த ஒவ்வொரு நூலகத்தின் பெயர், பதிப்பு எண், ஆசிரியர், உரிமம் ஆகியவற்றைப் பட்டியலிட்டோம். பதிப்பு எண்ணை மாறாமல் குறித்து, ஒரு படியை எங்களிடமும் வைத்துக்கொண்டோம்.

தோழியரே! பிறர் உழைப்பை எடுத்தாள்வது குற்றமன்று. அதை மறைப்பதே குற்றம். இரவல் வாங்கியதைக் கணக்கில் வைப்போம். தந்தவரை நன்றியோடு நினைப்போம்!