மரக்காலும் ஹெக்டேரும்

அன்பு மகள் உமாவுக்கு,

பெரியப்பா எழுதுவது. சேரன்மகாதேவி பக்கம் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்பச் சந்தோஷம். பரீட்சைக்கு நீ படித்த தமிழ் ஒன்று, இனி உன் மேசைக்கு வரப்போகிற தமிழ் வேறு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சீக்கிரமே ஒருவர் வந்து நிற்பார். "எனக்கு எட்டு மரக்கால் விதைப்பாடு. பிசானத்துக்குக் கடன் வாங்கணும், அடங்கல் வேணும்" என்பார். உன் பதிவேட்டில் மரக்கால் என்ற தானிய அளவு கிடையாது; ஹெக்டேரும் ஏரும்தான். விவரம் தெரியாமல் பேசுகிறார் என்று நினைத்துவிடாதே. எவ்வளவு விதை எடுத்து வைக்க வேண்டும் என்பதுதான் விவசாயிக்கு முதல் கணக்கு, அதனால் வயலை விதையால் அளந்தார்கள். சர்க்காருக்கு வேண்டியது தீர்வை. அதற்குப் பரப்பு போதும்.

பிசானம் என்பாரே, அதையும் சொல்கிறேன். தாமிரபரணி இரண்டு மழையிலும் பிழைக்கிற ஆறு. தென்மேற்குப் பருவமழை பொதிகையில் கொட்டினால் ஜூனில் கார் சாகுபடி தொடங்கும். வடகிழக்குப் பருவமழையை நம்பி அக்டோபர் வாக்கில் தொடங்குவது பிசானம். குறுவை, சம்பா, தாளடி என்று பழகிய தஞ்சாவூர்க்காரரிடம் பிசானம் என்று சொல்லிப் பார், விழிப்பார். குளம் நிறைந்து வழிந்தால் இங்கே 'மறுகால் பாயுது'. நீ புத்தகத்தில் கலிங்கு என்று படித்திருப்பாய். உழுது சேறாக்கிய வயல் 'தொளி'. நாற்று 'பாவியாச்சு' என்றால் நாற்றங்காலில் விதை விழுந்துவிட்டது என்று பொருள். பக்கத்துப் பத்தமடையில் பாய் நெய்கிறவர்களிடம் போனால் பாவு என்பது நூல். நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பருத்தி இழை. அதன் ஊடே போவது தண்ணீரில் ஊறவைத்துக் கீறிய கோரை. இரண்டு தொழிலும் ஒரே ஆற்றுத் தண்ணீரில் நடந்தாலும் பேச்சு வேறு.

இதை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ கவனித்திருக்கிறார்கள். நன்னூல் 'குழூஉக்குறி' என்று ஒரு வகையே வைத்திருக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் உரைகாரர்கள் காட்டும் உதாரணங்கள். அவை பிறருக்குப் புரியக் கூடாது என்றே வைத்த சொற்கள். மாட்டுச் சந்தைத் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதும் அதே காரியம்தான். விவசாயியின் பேச்சு அந்த வகை இல்லை. அதில் ஒளிவு மறைவு கிடையாது. கேட்டால் உட்கார வைத்துச் சொல்வார்கள்.

புரியாத மொழி நம் அலுவலகத்தில்தான் இருக்கிறது! ஜமாபந்தி, கிஸ்தி, தாசில், பசலி எல்லாம் பாரசீக மொழி நிர்வாகத்தோடு வந்து, கம்பெனி ஆட்சியையும் தாண்டி, 1956ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டத்துக்குப் பிறகும் நிலைத்துவிட்டவை. அதில் பசலி மட்டும் வேடிக்கையானது. முகலாயர் காலத்தில் வரி வசூலை அறுவடையோடு பொருத்த உண்டாக்கிய ஆண்டு அது. அந்தப் பெயருக்கே விளைச்சல் என்றுதான் பொருள். ஜூலை 1 அன்று புதுப் பசலி பிறக்கும். பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது பிறந்த ஆங்கில வருஷம் கிடைக்கும்: 1434 என்றால் 2024. ஜமாபந்தி சமயத்தில் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

சொற்களைவிட எனக்குக் கவலை வாக்கியங்களைப் பற்றித்தான். 'பரிசீலனையில் உள்ளது', 'ஆவன செய்யப்படும்' என்று எழுதப் பழகுவாய். செய்கிற ஆள் அதில் இருக்க மாட்டார். அதற்கு நியாயமும் உண்டு. அலுவலர் மாற்றலாகிப் போவார், கோப்பு அங்கேயே இருக்கும். நாற்காலிதான் பேச வேண்டும். ஆனால் அதே பேச்சைத் திண்ணைக்குக் கொண்டுவந்தால் எதிரில் நிற்பவருக்கு யாரைப் போய்ப் பார்ப்பது என்றே தெரியாது. "நேற்று ரெவின்யூ இன்ஸ்பெக்டருக்கு அனுப்பிட்டேன், வெள்ளிக்கிழமை வாங்க அண்ணாச்சி" என்று சொல். காகிதத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்.

கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டதும் நடவைப் பார்க்கப் போவாய். வரப்பில் நின்றுகொண்டு எடுத்ததும் சர்வே எண்ணைக் கேட்காதே. இந்த வயலுக்கு என்ன பெயர், எந்த மடைத் தண்ணீர், விதை எப்போது பாவினீர்கள் என்று கேள். சர்வே எண்ணுக்கு அவசரமில்லை. பட்டா நகலைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள்.

அன்புடன்,
பெரியப்பா